நாங்கள் நடிப்புப் பழகிய கதை

1979 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், யாழ்ப்பாணத்துக் கல்லூரி மண்டபம் ஒன்றுக்கு நாங்கள் 30 மாணவர்கள் நாடகம் பழகப் போனோம். வாசலில் எங்கள் கையில் நாடகப் பிரதி தருவார்கள் என்று எதிர்பார்த்தோம். தந்தது நாலு தும்புத்தடிகள். மண்டபத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டி முடிந்ததும் கதிரைகளை எல்லாம் சுவரோரமாக அடுக்கச் சொன்னார்கள். அதன் பின் வட்டமாக நிற்கச் சொன்னார்கள். மேடை ஒன்று இருந்தது. அதில் ஐந்து நாளும் ஒருவரும் ஏறவில்லை.

நான் அப்போது உயர்தர வகுப்பு. எங்கள் பாடசாலையில் பரிசளிப்பு விழா நாடகம் என்றால் அரசன் வேடம் எனக்குத்தான். தொண்டை எனக்குப் பெரிய சொத்து. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனங்கள் கோவிற் திருவிழா ஒலிபெருக்கிகளில் முழங்கிய காலம் அது. அந்த முழக்கத்தை அப்படியே பிடித்து, இரண்டு கைகளையும் மாறிமாறி உயர்த்தி, ஒலிவாங்கியை விட்டு ஓர் அடி கூட நகராமல் பேசினால் அது நடிப்பு. சபை கைதட்டும். நாடகம் பழக்கிய ஆசிரியர் எங்களுக்குச் சொல்லித் தந்தது மூன்று விடயங்கள்: சபைக்கு முதுகு காட்டாதே, வசனத்தை மறக்காதே, உரத்துப் பேசு. அந்த மூன்றும் பிழை என்று சொல்ல மாட்டேன். அவை மட்டுமே நடிப்பு என்று நம்பியிருந்தேன், அதுதான் பிழை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் காற்று இலங்கைக்கும் அடித்தது. அதன் வழியில் 1913 இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தோன்றியது. அதன் மூலவர்களில் ஒருவரான கலையரசு சொர்ணலிங்கம் 1889 முதல் 1982 வரை வாழ்ந்தவர். படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் மேடையேறுவது கௌரவக் குறைவு என்று இருந்த சமூகத்தில், ஒத்திகைக்கு நேரம் தவறாமை, வசனத் தெளிவு, வேடப் பொருத்தம் என்று ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற அவரது நூலைப் படிப்பவர்களுக்கு அந்த உழைப்பு விளங்கும். ஆனால் அந்த ஒழுங்கில் பயிற்சி என்பது மூத்த நடிகர் ஒருவரைப் பார்த்துப் பழகுவதே. அவர் கையை உயர்த்தினால் நாங்களும் உயர்த்த வேண்டும். ஏன் உயர்த்தினார் என்று கேட்பது வழக்கத்தில் இல்லை. மூத்தவர் சொர்ணலிங்கம் போன்ற நடிகராக இருந்தால் நன்மை. பரிசளிப்பு விழாவுக்கு நாலு நாளைக்கு முன் நாடகம் பழக்கப் பிடித்து விடப்பட்ட கணித ஆசிரியராக இருந்தால் என்ன நடக்கும்? என்னைப் போன்ற கட்டபொம்மர்கள் உருவாவார்கள்.

வேறு பாதைகளும் இருந்தன. பேராசிரியர் கணபதிப்பிள்ளை 1940 இல் 'நானாடக'த்தை நூலாக வெளியிட்டபோது, யாழ்ப்பாணத்து வீடுகளில் பேசப்படும் தமிழ் மேடைத் தமிழாக உயர்ந்தது. அவரது நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியவர் அவருடைய மாணவரான வித்தியானந்தன். அந்த வித்தியானந்தன் பிற்காலத்தில் மட்டக்களப்புக்குப் போய்க் கூத்துகளைப் பார்த்தார். பேராசிரியர் சரச்சந்திர 1956 இல் 'மனமே'யை மேடையேற்றிச் சிங்கள நாடகத்தைத் திருப்பிவிட்டிருந்தார். அந்த உந்துதலும் சேர, விடிய விடிய ஆடும் கூத்தை நகர மேடைக்கு ஏற்பச் சுருக்கி, 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என்று பேராதனை மாணவர்களைக் கொண்டு ஆடவைத்தார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு.

பேராதனையில் நடந்ததை நாங்கள் பெரும்பாலும் புதிய மேடையேற்றம் என்ற அளவில் பேசிவிட்டுப் போகிறோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எழுத்தறிவு குறைந்த அண்ணாவிமாரிடம் உடம்பைக் கொடுத்துப் பழகினார்கள். கூத்துப் பழகுவது எப்படி என்று மட்டக்களப்பில் யாரையும் கேட்டுப் பாருங்கள். முதலில் சட்டம் கொடுத்தல். அதாவது யாருக்கு எந்த வேடம் என்று அண்ணாவியார் தீர்மானித்துப் பாடல்களைக் கொடுப்பது. பிறகு மாதக்கணக்காக ஆட்டம். பொடியடி, வீசாணம், எட்டு, குத்துமிதி என்று ஒவ்வொன்றும் காலில் ஊறவேண்டும். பிறகு சதங்கை கட்டுவது ஒரு சடங்கு. பிறகு அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். இவ்வளவும் ஒரு முழுமையான நடிப்புப் பாடத்திட்டம். கடதாசியில் எழுதப்படாத காரணத்தால் பாடத்திட்டம் என்று அதை ஒருவரும் அழைக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் நாடகத்துக்கென ஒரு டிப்ளோமா வகுப்பை நடத்தியது. அங்கே படித்துத் திரும்பிய தமிழ் ஆசிரியர்களில் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1931 இல் பிறந்து 2025 இல் மறைந்த அவர், 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். நாடகத்தை உடம்பும் குரலும் மனமும் சேர்ந்து பழகவேண்டிய கல்வியாக எடுத்துக் கொண்ட முதல் அமைப்பு யாழ்ப்பாணத்தில் அதுவே என்று எண்ணுகிறேன். தாசீசியஸ், மௌனகுரு, சிதம்பரநாதன் என்று பலரும் அந்த ஆண்டுகளில் இந்த வழியில் உழைத்தார்கள். 'களப்பயிற்சி' என்ற சொல் பாடசாலைகளில் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். நான் போனது அந்தக் காற்று வீசிய காலத்தில் நடந்த சிறிய மாணவர் களப்பயிற்சி ஒன்று. நடத்தியவர்களின் பெயரைச் சொல்லவில்லை. அதில் பெரியவர்கள் எவருமில்லை. இரண்டு இளம் ஆசிரியர்கள், அவ்வளவே.

முதல் நாள் முழுக்க விளையாட்டு. பந்து இல்லாமல் பந்து எறிந்தோம். ஒருவர் கண்ணாடிக்கு முன் நிற்பவராகவும் மற்றவர் கண்ணாடியில் தெரியும் உருவமாகவும் நின்றோம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து மண்டபத்தைச் சுற்றினோம். இதற்காகவா பஸ் ஏறி வந்தோம் என்று எனக்கு ஆத்திரம். அன்றைக்கே இரண்டு பேர் போய்விட்டார்கள், மறுநாள் வரவில்லை. என் வயதுப் பிள்ளை ஒருவரின் கையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நடக்க எனக்கு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

இரண்டாம் நாள் கிணறு வந்தது. இல்லாத கிணற்றில், இல்லாத வாளியால், துலாக்கொடியைப் பிடித்து நீர் அள்ளவேண்டும். நான் முதலாவதாகப் போனேன். கொடியை 'விறுவிறு' என்று இறக்கி, 'விறுவிறு' என்று இழுத்து, முகத்தில் மிகுந்த களைப்பைக் காட்டி முடித்தேன். கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன்.

"தம்பி, உம்முடைய கிணறு எத்தனை அடி ஆழம்?" என்று கேட்டார் பயிற்றுவித்தவர்.

நான் முழித்தேன்.

"வாளி தண்ணியிலை படேக்கை கொடி என்ன செய்யும்? வெறும் வாளியும் நிறைஞ்ச வாளியும் ஒரே பாரமோ? அள்ளின தண்ணியை எங்கை ஊத்தினீர்? எங்கடை காலெல்லாம் நனைஞ்சு போச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து ஒரு பெண்பிள்ளை போனார். வந்திருந்த ஏழு பெண்பிள்ளைகளில் அவர்தான் மிகவும் அமைதியானவர். ஒரு தரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். வாளி தண்ணீரில் பட்டதும் கொடியை இலேசாகச் சுண்டி வாளியைச் சரித்தார். இழுக்கும்போது இடுப்பு பின்னே போனது. கிணற்றுக் கட்டில் வாளியை வைத்தபோது ஒரு சொட்டு இடது காலில் சிந்தியிருக்க வேண்டும். காலை மெல்ல இழுத்துக்கொண்டார். முகத்தில் எந்தக் களைப்பையும் அவர் காட்டவில்லை. ஆனால் எங்கள் எல்லாருக்கும் தோள் வலித்தது. தங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் அள்ளுவது தான்தான் என்று பிறகு சொன்னார்.

அன்று மாலைதான் ஸ்தனிஸ்லவ்ஸ்கி என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். 1863 இல் பிறந்த ருஷ்ய நடிகர், நெறியாளர். 1898 இல் மொஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். செக்கோவின் 'கடற்பறவை'யை அதே ஆண்டில் அங்கே மேடையேற்றி வெற்றி கண்டவர். நல்ல நடிகனுக்கு ஒரு நாள் நடிப்பு வாய்க்கிறது, மறுநாள் வாய்ப்பதில்லை. அது ஏன் என்று தன் மேலேயே பரிசோதனை செய்து பார்த்தவர். அவர் கண்டவற்றில் ஒன்றை எங்களுக்கு விளக்கினார்கள். 'நான் துக்கமாக இருக்கவேண்டும்' என்று நடிகன் துக்கத்தைத் தேடிப் போனால் கிடைப்பது முகச்சுளிப்புத்தான். 'இந்த இடத்தில், இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்' என்று கேட்டுச் செயலைச் செய்யவேண்டும். உணர்ச்சி தானாக வந்து சேரும். நான் களைப்பை நடித்தேன். அந்தப் பிள்ளை தண்ணீர் அள்ளினார். விடயம் அவ்வளவுதான். ஆனால் இதை ஒரு மேலைநாட்டு நூலில் படித்து விளங்கியிருப்பேனா என்பது சந்தேகம்.

மூன்றாம் நாள் குரல். என் கோட்டை இடிந்த நாள் அது. மண்டபத்தின் ஒரு மூலையில் நின்று மறு மூலைக்கு இரகசியம் சொல்லவேண்டும். அங்கே நிற்பவருக்குச் சொல் விளங்கவேண்டும். என் கத்தல் போனது, சொல் போகவில்லை. வயிற்றில் கையை வைத்து மூச்செடுக்கச் சொன்னார்கள். தொண்டையால் பேசுகிறவன் மூன்றாவது காட்சியில் கரகரத்துப் போவான் என்றார்கள். மூன்று பரிசளிப்பு விழாக்களில் எனக்கு நடந்தது அதுதான். வானொலி நாடகங்களைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சானாவின் காலத்திலிருந்தே இலங்கை வானொலி தமிழ் நாடகத்துக்குத் தேர்ந்த குரல்களை வளர்த்து வந்தது. ஒலிவாங்கிக்கு முன் கையைக் காலை ஆட்டிப் பயனில்லை. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' போன்ற தொடர்களைக் கேட்டவர்களுக்கு, ஒரு செருமலில் ஒரு மனிதர் முழுதாக வந்து நிற்பது எப்படி என்று தெரிந்திருக்கும். இதை வானொலியிலேயே சொல்லக் கிடைத்தது எனக்கு மகிழ்ச்சி.

அன்று பிரியும்போது ஒரு வேலை தந்தார்கள். "உங்கடை ஊரிலை இருக்கிற கூத்து, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, என்னவெண்டாலும் பரவாயில்லை. ஆரிட்டையாவது கேட்டுப் பழகிக்கொண்டு வாருங்கோ."

இங்கேதான் என் கதை தொடங்குகிறது. எங்கள் ஐயா காத்தவராயன் கூத்தில் முத்துமாரி. பகலில் மேசன் வேலை. மாரியம்மன் கோயிலில் யாராவது நேர்த்திக்கு 'காத்தான் கூத்து' வைத்தால், இரவில் சேலை உடுத்து, மகனைக் கழுமரத்துக்குக் கொடுத்துப் புலம்பும் தாயாக ஆடுவார். ஊரிலே அவரை 'முத்துமாரி' என்றே கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் அது பெருமை. ஊருக்கு வெளியே, நான் படித்த பெரிய பாடசாலையில், அது வேறு. கூத்தாடுகிறவர்கள் யார், எந்தப் பகுதியார் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அறுபதுகளின் பிற்பகுதியில் கோயில் வாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் இந்தக் கணக்கை எதிர்த்துப் பெரும் போராட்டங்கள் நடந்தன. அந்தப் போராட்டத்திலிருந்தே என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' பிறந்தது. காத்தான் கூத்தின் மெட்டிலும் துள்ளல் நடையிலும் ஆலயப் பிரவேசத்தை ஆடிக்காட்டிய நாடகம் அது. இவையெல்லாம் நான் பிறகு அறிந்தவை. 1979 இல் நான் அறிந்தது ஒன்றே: ஐயா கூத்தாடுவதைப் பாடசாலையில் யாரிடமும் சொல்லக்கூடாது. ஆறு வருடம் சொல்லாமல் இருந்தேன்.

இரவு சாப்பிட்ட பிறகு ஐயாவிடம் கேட்டேன்.

"கொலிச்சிலை காத்தான் கூத்தோ? உனக்கென்ன விசரோ?" என்றார்.

அம்மாதான் உள்ளேயிருந்து, "பெடியன் ஒருநாளும் கேளாதவன் கேக்கிறான். காட்டி விடுங்கோவன்" என்றா.

முற்றத்தில் அரிக்கன் லாம்பை வைத்துவிட்டு ஆடினார். காத்தான் கூத்தின் ஆட்டம் கடினமானதல்ல. பாட்டோடு சேர்ந்த ஒரு துள்ளல் நடை. மட்டக்களப்புக் கூத்தோடு ஒப்பிட்டால் பிள்ளை விளையாட்டு என்பார்கள். நான் அவர் காலைப் பார்த்து, என் காலைப் பார்த்து, எண்ணி எண்ணி வைத்தேன். "காலைப் பாராதை. காலுக்குத் தெரியும். பாட்டைக் கேள்" என்றார். அரை மணித்தியாலத்தில் கால் கேட்கத் தொடங்கியது.

பிறகு கழுமரக் காட்சி. நான் மூன்று நாள் படிப்பின் தலைக்கனத்தோடு கேட்டேன்: "ஐயா, அந்த இடத்திலை நீங்கள் உண்மையா மகனை நினைச்சோ அழுறனீங்கள்?"

அவர் சிரித்தார். "நான் அழுதால் பாட்டு நிண்டு போம். பாட்டு நிண்டால் உடுக்கு அடிக்கிறவன் என்ன செய்வான்? அழுறது சனத்தின்ரை வேலை. நான் பாட்டை நேராக் கொண்டுபோய் அவையின்ரை கையிலை குடுக்கவேணும்." கொஞ்சம் பொறுத்து, "ஒரேயொருக்கா அழுதனான். உன்ரை தங்கச்சி காய்ச்சலிலை போன வருசம். அண்டைக்குக் கூத்துச் சரிவரேல்லை" என்றார்.

எனக்கு அன்றைக்கு இது விளங்கவில்லை. ஸ்தனிஸ்லவ்ஸ்கிக்கு எதிராக ஐயா பேசுகிறார் என்று மட்டும் தெரிந்தது. அவருக்கு அறிவு போதாது என்று நினைத்தேன். பிறெக்றைப் படித்தது பல வருடங்களுக்குப் பிறகு. 1935 இல் ஜேர்மன் நாடகாசிரியர் பிறெக்ற் மொஸ்கோவில் மெய் லான்பாங் என்ற சீன நடிகரின் ஆற்றுகையைப் பார்த்தார். பெண் வேடங்களில் பேர்போனவர் அந்தச் சீனர். பாத்திரமாகக் கரைந்து போகாமல், பாத்திரத்தைச் சபைக்கு எடுத்துக் காட்டுகிறார். நடிகனும் தெரிகிறான், பாத்திரமும் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறெக்ற் எழுதிய கட்டுரை நடிப்புக் கலையின் வரலாற்றில் ஒரு திருப்பம் என்பார்கள். அதை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மொஸ்கோ தெரியவில்லை. அரிக்கன் லாம்பும் எங்கள் முற்றமும்தான் தெரிந்தன. நம்மவர்கள் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. ஐயா எதையும் கண்டுபிடிக்கவில்லை. உடுக்குக்காரன் நின்றுவிடுவானே என்று யோசித்தார். பாட்டோடும் தாளத்தோடும் ஆடும் கலையில் அந்தக் கவலையே ஒரு நடிப்பு முறையாகிவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் அள்ளும் நாடகத்தில் ஸ்தனிஸ்லவ்ஸ்கி சொன்னதும் சரி. எந்த அரங்கு, என்ன ஆட்டம் என்று தெரியாமல் நடிப்பு முறைகளைத் தரம் பிரிப்பது வீண் வேலை.

நாலாம் நாள் நான் ஆடிக் காட்டினேன். சிலர் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். கிணற்றுப் பிள்ளை ஒரு தாலாட்டுப் பாடினார். என் முறை வந்தபோது முழங்கால் நடுங்கியது. நாலு அடி வைத்ததும் நடுக்கம் நின்றது. முடிந்ததும் மண்டபம் அமைதியாக இருந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இடைவேளையில் ஒருவன் வந்து மிகவும் அன்பாக, "தம்பிக்கு எவடம்?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னேன்.

பயிற்றுவித்தவர் அதைக் கேட்டாரோ தெரியாது. "ஆரிட்டைப் பழகினனீர்?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். ஐயாவிடம் என்று சொன்னேன். "நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வருவீரோ?" என்றார்.

ஐயா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மண்டபத்துக்குள் வரவில்லை. "நான் இதிலை நிக்கிறன், நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ" என்று வளவுக்குள் இருந்த மாமரத்தின் கீழே நின்றார். இரண்டு தரம் கூப்பிட்டும் அசையவில்லை. பயிற்றுவித்தவர் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் வெளியிலை வாருங்கோ" என்றார். ஐயாவைச் சுற்றி மண்ணில் இருந்தோம். உடுக்கு இல்லை, என்னைத் தகர வாளி ஒன்றில் தாளம் போடச் சொன்னார். 28 பேரும் மதியம் வரை அந்தத் துள்ளல் நடையைப் பழகினார்கள். 'எவடம்' கேட்டவனும் பழகினான். அவனுக்கு நன்றாக வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னேரம் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சிறிய ஆற்றுகை. அதற்கான நிகழ்ச்சி நிரலை எழுதி, றோணியோவில் அடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. என் கையெழுத்து வடிவானது. பழக்கியவர்கள், பங்குபற்றிய மாணவர்கள், மண்டபம் தந்தவர்கள், தேநீர் தந்தவர்கள் என்று எல்லாருக்கும் நன்றி எழுதினேன். காத்தான் கூத்துப் பழக்கியவர் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஐயாவின் பெயரை எழுதினால் என் பெயருக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள உறவு தெரியும். ஊரை எழுதினால் எல்லாம் தெரியும். இவ்வளவுக்கும் முதல் நாள் நானே வாய்திறந்து ஐயா என்று சொல்லியிருந்தேன். 28 பேருக்கும் தெரியும். ஆனாலும் அச்சில் வரும் தாள் வெளியே போகும், பாடசாலைக்குப் போகும் என்று நினைத்தேன். அந்த வரியை எழுதவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் சொல்லித்தரவும் இல்லை. பயிற்றுவித்தவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ஐயா எழுத்துக் கூட்டி வாசிப்பார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை விளக்கடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டு வாசித்தார். என் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு நாலாய் மடித்து, கூத்துக் கொப்பிக்குள் வைத்து, தகரப்பெட்டியில் போட்டார்.

அதன் பின் காலம் வேகமாக ஓடியது. நாடகமும் அரங்கியலும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பாடமானது. 1985 இல் சண்முகலிங்கம் எழுதிச் சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' ஊரூராகப் போனபோது, பல்கலைக்கழக மாணவர்கள் உடம்பாலும் குரலாலும் கிராமத்துச் சனங்களின் துயரைச் சனங்களுக்கே கொண்டுபோனார்கள். எழுபதுகளின் பயிற்சி என்ன செய்யக்கூடியது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. நானும் ஆசிரியனாகி அந்தப் பாடத்தைப் படிப்பித்தேன். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நடிகனுக்கு வேண்டிய பண்புகள் பத்து, ஸ்தனிஸ்லவ்ஸ்கிக்கும் பிறெக்றுக்கும் உள்ள வேறுபாடுகள் ஐந்து என்று பாடமாக்கி அதிவிசேட சித்தி எடுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இல்லாத கிணற்றில் தண்ணீர் அள்ளச் சொன்னால் அவர்களும் 'விறுவிறு' என்றே அள்ளினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலரின் வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்பதும் உண்மைதான்.

1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் எழும்பி ஓடினோம். தகரப்பெட்டி வீட்டிலேயே கிடந்தது. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது மறுபடி ஓடி, தென்மராட்சியில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு வன்னிக்குப் போனோம். கொப்பி இல்லாததைப் பற்றி ஐயா அதிகம் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "உன்ரை பேர் எழுதின கடதாசியும் அதுக்குள்ளைதான் போட்டுது" என்றார். அந்தத் தாளில் இல்லாத பெயரைப் பற்றிப் பேச எனக்கு அப்போது வாய் வந்தது. "நான் உங்கடை பேரை வேணுமெண்டுதான் விட்டனான் ஐயா" என்றேன். "தெரியும்" என்றார். பிறகு வெற்றிலை கேட்டார்.

1998 இல் வன்னியில், ஓலைக் கொட்டில் பாடசாலை ஒன்றில், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குக் காத்தான் கூத்துப் பழக்கினேன். ஐயாவுக்கு நடக்க ஏலாது. கதிரையில் தூக்கிக்கொண்டு வந்து மர நிழலில் இருத்தினோம். கொப்பி இல்லாதபடியால் பாட்டுகளை அவர் வாயிலிருந்தே எழுதி எடுத்தேன். கழுமரக் காட்சியில் இரண்டு பாட்டு அவருக்கு வரவில்லை, அவை இன்றுவரை எங்களிடம் இல்லை. கரும்பலகையில் மேலே, பழக்குபவர் என்று எழுதி ஐயாவின் முழுப் பெயரையும் ஊரையும் எழுதினேன். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளின் கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முத்துமாரியாக ஆடிய பெண்பிள்ளை பாட்டின் நடுவே விம்மிவிட்டா. சென்ற கிழமைதான் அவவின் வீட்டில் ஒரு இழவு நடந்திருந்தது. பாட்டு நின்றது. தாளம் போட்ட பெடியனும் நிறுத்திவிட்டான்.

ஐயா கண்ணைத் திறக்காமலே கதிரையின் கையில் விரலால் தட்டத் தொடங்கினார். அவ மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடினா.